ஆரன் எழுந்து வந்த ரீல்

உட்காருங்கள் சார், பரவாயில்லை. அந்த இடத்துக்கும் நான்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். வர வேண்டியவர் வரமாட்டார். உங்கள் டிக்கெட்டுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. விளம்பரம் வேறு போடுவார்கள்.

நீங்கள் கருங்கோள் படங்களை எத்தனையாவது பாகத்திலிருந்து பார்க்கிறீர்கள்? ஆறா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்படியானால் நீங்கள் கருங்கோள் பார்க்கவே இல்லை. வெளியே பாப்கார்ன் வரிசையில் இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏழாம் பாகத்தோடு எல்லாம் போச்சு என்கிறான். இன்னொருவன் எட்டுதான் உச்சம் என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்காம் பாகத்திலேயே செத்துப்போன படத்துக்கு இவர்கள் ஏழிலும் எட்டிலும் நாடி பிடித்துப் பார்க்கிறார்கள்.

முதல் பாகம் எங்கள் ஊர் பத்மராகம் தியேட்டருக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை, அப்போதுதான் சேர்ந்திருந்தேன். படம் இங்கிலீஷில்தான் ஓடும். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. கருங்கோள் என்பதுகூட தியேட்டர்காரர் போஸ்டருக்காக வைத்த பெயர். புரியாததால் ஒரு நன்மை, கண்ணை எடுக்காமல் பார்ப்போம். ஆரன் என்று ஒருவர், கப்பலுக்குத் தலைவர். ஆகாயக் கப்பல். கப்பல் அட்டையில் செய்தது என்று பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த அட்டைக் கப்பல் இருட்டில் சத்தமில்லாமல் போகும் பாருங்கள், தியேட்டரில் ஒருவரும் இருமமாட்டார்கள்.

ஞானதுரைக்கும் அப்படித்தான். அவன்தான் இந்த இடத்தில் உட்கார வேண்டியவன். போர்டு எழுதுகிற பெயிண்டர். கடைப் பலகை, கல்யாண மண்டபம், லாரிக்குப் பின்னால் மயில், எல்லாம் எழுதுவான். கை சுத்தம். எங்கள் ஊரில் நல்ல எழுத்தாக எது இருந்தாலும் அது அவன் எழுத்து. நானும் அவனும் முதல் பாகத்தை ஆறு தடவை பார்த்தோம். இரண்டாம் பாகம் ஒன்பது தடவை.

மூன்றாம் பாகம் வந்தபோது அவன் ஊரில் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சுவர் எழுதப் போயிருந்தான். அங்கேயே பார்த்துவிட்டான். நான் இங்கே பார்த்தேன். அதில்தான் வந்தது வினை.

மூன்றாம் பாகத்தின் முடிவை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கருங்கோள் என்கிற அந்தக் கிரகத்துக்குள் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. அதை உள்ளே இருந்து இழுத்து மூடினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஆரன் போய் மூடுகிறார். கதவு மூடுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். பெண்களெல்லாம் ஒரே விசும்பல். என் மனைவி புஷ்பம் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அவள் என்னோடு பார்த்த ஒரே இங்கிலீஷ் படம் அதுதான். சரி, போனார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பனி. பனி விரிசல் விடுகிறது. ஆரன் கண்ணைத் திறக்கிறார். எழுந்து ஜன்னலுக்கு நடந்து போகிறார். சூரியன் வருகிறது. கையை உயர்த்துகிறார். வணக்கம் என்று சிலைடு போட்டுவிட்டார்கள்.

தியேட்டர் இடிந்துவிடும் போல் கைதட்டல். புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிச்சிட்டாருங்க" என்றாள். அதையே வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதைப் போல ஒரு முடிவு எந்தப் படத்திலும் இல்லை சார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் கழித்து நான்காம் பாகம். அதில் என்ன செய்தார்கள் என்றால், ஆரன் இல்லை. கப்பலில் அவர் படத்தை மாட்டி அதன் கீழே எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்து வந்த மனிதருக்கு எதற்கு அஞ்சலி? சொந்தக் கதையை மறந்துவிட்டு ஒருவன் படம் எடுக்கிறான் என்றால் அவன் ஏதோ அவசரத்தில் எடுக்கிறான். சரிவு அங்கேதான் ஆரம்பம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொன்னேன். ஞானதுரை டீயைக் கீழே வைத்தான்.

"நாலாம் பாகம்தான்டா படம். செத்தவனைச் செத்தவனாவே விட்டான் பாரு, அந்தத் தைரியம் எவனுக்கு வரும்?"

"யாருடா செத்தது?"

"ஆரன்."

டீ மாஸ்டர் மாடசாமி ஆற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டான்.

"அண்ணாச்சி, கடைசியில பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு வாராருல்லா? நான் விசிலடிச்சதுல தொண்டை கட்டிப்போச்சே."

"அது முன்னாடி வர்ற காட்சிப்பா. அதுக்குப் பெறகுதான் கதவு."

"மதுரையில கரண்டு போயிருக்கும். இவரு படம் முடிஞ்சதுன்னு கிளம்பி வந்திருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊரும், அதே படப்பெட்டியை வாங்கி ஓட்டின பக்கத்து ஊரும், ஆக இரண்டு ஊர் ஜனம் கண்ணால் பார்த்தது. இவன் ஒருத்தன் இல்லை என்கிறான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "விட்டுக்கொடுத்துரு, தூங்கிட்டேன்னு சொல்லிரு" என்றேன். அவன், "பார்த்ததை எப்படிடா பார்க்கலைன்னு சொல்ல?" என்றான். பிடிவாதக்காரன்.

சாவுத்துரை என்று பெயர் வைத்தது நான்தான். விளையாட்டாகத்தான். ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் என்ன சொன்னாலும், மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால்கூட, "ஆரனைக் கொன்ன கண்ணுல்ல அது" என்பார்கள். பிறகு கடைக்காரர்கள் போர்டு எழுதக் கொடுத்தால்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை எழுத்தைச் சரிபார்த்தார்கள். அவன் எழுத்தில் பிழையே இருக்காது. இருந்தாலும் பார்ப்பார்கள்.

ஐந்தாம் பாகம் தொண்ணூற்று நான்கில் வந்தது. மே மாதம் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. தேதி எப்படி ஞாபகம் இருக்கிறது என்றால், அது தொட்டியில் எழுதின தேதி.

சொல்கிறேன். கிழக்குத் தெருவில் மேல்நிலைத் தொட்டி, அது என் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு தொட்டியின் காலில் 'சுத்தம் செய்த நாள்' என்று தேதி எழுத வேண்டும். அது விதி. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. தேதியை அன்றைக்கு எழுதிவிடுவோம். கழுவுவது கை ஒழிகிறபோது. எல்லா ஊரிலும் அப்படித்தான், நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதிலும் அது கோடை. நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் ஊருக்குத் தண்ணீர். இருக்கிறதையும் வடித்துவிட்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அன்றைக்குத்தான் ஐந்தாம் பாகம் ரிலீஸ். முதல் காட்சி பதினொரு மணிக்கு. நீங்களே சொல்லுங்கள்.

காலையில் ஞானதுரையிடம் தேதியை எழுதச் சொல்லிவிட்டு, மேலே மூடியிலும் எண் மங்கிப்போயிருந்தது, அதையும் எழுதிவிடு என்றேன். அவன் ஏறினான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போய்விட்டேன். டிக்கெட் கவுண்டரில் நிற்கும்போது மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் பிரஷ் அப்படியே இருக்கிறது, பெயிண்ட் சொட்டுகிறது.

"சவரி, மூடி உடைஞ்சு உள்ள கிடக்கு. ஒரு குரங்கு செத்து மிதக்குது. ஊதிப்போயிருக்கு. தண்ணியத் திறந்துராத."

வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள். யாரோ பின்னாலிருந்து, "நல்லாப் பாத்தியா துரை, எந்திரிச்சு சூரியனைப் பாக்கப் போவுது" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது எதற்கு?

அவன் சிரிக்கவில்லை. "நான் தேதி எழுத மாட்டேன்" என்றான். பிரஷைத் தியேட்டர் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் படத்தைப் போல ஒரு மோசமான படம் இல்லை சார். தமிழில் பேசவைத்துவிட்டார்கள். இயந்திர மனிதன் ஒன்று, அது மெட்ராஸ் பாஷை பேசுகிறது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு காட்சி மனதில் ஒட்டவில்லை. படம் நன்றாக இருந்திருந்தால் எனக்கு வேறு மாதிரி மனசு இருந்திருக்கும். போய் ஏறிப் பார்த்திருப்பேன். அந்த எரிச்சலில் வெளியே வந்தால் சுவரில் சாய்ந்தபடி பிரஷ். எடுத்துக்கொண்டு போய் நானே எழுதினேன். 13.5.94. நான்கு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. மேலே ஏறவில்லை. எழுபது படி. வெயில்.

ஏறவில்லை என்றால், ஏன் ஏற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஒரு விஷயத்தில் ஊரறியப் பொய் சொல்கிறான். ஏழு வருடமாக அதே பொய்யைச் சொல்கிறான். அவன் இன்னொன்று சொன்னால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். யாராக இருந்தாலும் நம்பமாட்டார்கள். இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவரும் நம்பியிருப்பேன் என்று சொன்னதில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் திறந்தேன்.

அவன் அதற்குள் தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறான். காய்ச்சிக் குடியுங்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று. என் வீட்டுக்கும் வந்திருக்கிறான். மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது புஷ்பம் சொன்னாள்.

"ஞானதுரை அண்ணன் வந்துட்டுப் போனாங்க. தண்ணியக் காய்ச்சணுமாம். அடுப்பில வைக்கட்டுமா?"

"மண்ணெண்ணெய் மாசக் கடைசி வரைக்கும் வரணும். யாரு சொன்னான்னு யோசி. ஆரன் செத்துட்டாருன்னு சொன்ன ஆளு."

அவள் சிரித்தாள் சார். அதுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமா, நானும்தான பார்த்தேன்" என்றாள். செம்பில் தண்ணீர் எடுத்து எனக்கு வைத்தாள். அவளும் குடித்தாள். ஆறு வயது மகளுக்கும் கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே செம்பில் குடித்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, தேறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் புஷ்பத்தைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தெருவில் மொத்தம் நாற்பது பேருக்கு மேல் வாந்திபேதி. கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பாய் போட்டு, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டியிருந்தார்கள். புஷ்பத்துக்குக் கை விரல் எல்லாம் ஊறிச் சுருங்கினது மாதிரி இருந்தது. பேச்சு வரவில்லை. உதடு அசைந்தது, நான் குனிந்து கேட்டேன், கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள் என்று நினைக்கிறேன். அவளோடு சேர்த்து ஐந்து பேர்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதிகாரிகள் வருவதாகத் தகவல். அவர்கள் வருவதற்குள் விடியற்காலையில் நானே தனியாக ஏறி, வடித்து, தேய்த்து, கழுவிவிட்டேன். துக்க வீட்டுக்காரன், யாரும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமாகக் கழுவினேன். உள்ளே என்ன இருந்தது என்கிறீர்களா? சரியாகப் பார்க்கவில்லை. ஏதோ இருந்தது. சாக்கில் போட்டுக் கட்டி, ஓடைப்பக்கம் புதைத்துவிட்டேன். கனமாக இருந்தது.

அதிகாரி தேதியைப் பார்த்தார். பதின்மூன்றாம் தேதி சுத்தம் செய்திருக்கிறது, ஆகவே தொட்டியில் குற்றமில்லை, குழாய் எங்கேயோ சாக்கடையில் ஒழுகியிருக்கும் என்று எழுதிக்கொண்டார். ஞானதுரை முன்னால் வந்து, "தேதி பொய் சார், நான் பார்த்தேன்" என்றான். அதிகாரி தெருக்காரர்களைப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை. மாடசாமி மட்டும், "அவரு அப்படித்தான் சார், எதையாவது பார்த்தேம்பாரு" என்றான். மாடசாமியின் அம்மாவும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. அவனே அப்படிச் சொல்கிறான் என்றால் பாருங்கள்.

ஞானதுரை என்னைப் பார்த்தான். நான் மொட்டைத்தலையோடு நின்றுகொண்டிருந்தேன். தரையைப் பார்த்தேன். அந்த மாதமே அவன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் எல்லாப் பாகத்தையும் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் குப்பை. ஆனால் ஒரு பாகத்தையும் விடவில்லை. என்றைக்காவது ஒரு பாகத்தில் அவர்கள் தவறைத் திருத்தி, ஆரன் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்?

நடுவில் ஒரு கல்யாணத்தில் இருளப்பனைப் பார்த்தேன். பத்மராகத்தில் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கியிருந்தார்கள், அதே மண்டபத்தில்தான் பந்தி. இலையில் பாயசம் ஊற்றும்போது அவராகவே பேச்செடுத்தார்.

"அந்த மூணாம் பாகம் ஞாபகம் இருக்கா? ரீல் டப்பா மேல எண் மாறிக் கிடந்துச்சு. ஒம்பதைப் பத்தாவும் பத்தை ஒம்பதாவும் ஓட்டிட்டோம். மறுநாளே கண்டுபிடிச்சேன். முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு, சனங்க கைதட்டுதாங்கள்ல, பெறகு எதுக்கு மாத்தணும்னுட்டாரு. முடிவுல ஓடுற பேரை எப்பவும் வெட்டிருவோம், கடைசி பஸ்ஸுக்கு ஆளு போவணும்ல. அதனால யாருக்கும் தெரியல. அந்த மனுசன் செத்துதான் போறாரு."

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். இருளப்பன் குடிகாரர் சார். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, ஆனாலும் குடிகாரர். குடிகாரர் பேச்சை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியுமா?

மகள் இப்போது சென்னையில் இருக்கிறாள். "அப்பா, அந்தப் படம் செல்போன்லயே இருக்கு, ரெண்டு நிமிஷத்துல கடைசியைக் காட்டிடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். செல்போனில் வருவதெல்லாம் பிறகு வெட்டி ஒட்டினதாக இருக்கும். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறாளே தவிர, வேறு எதுவும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போது ஒன்பதாம் பாகம். போஸ்டரைப் பார்த்தீர்கள்தானே? நடுவில் யார்? ஆரன். நரைத்த தாடியோடு ஆரன். செத்தவர் எப்படி சார் போஸ்டரில் வருவார்? நினைவுக் காட்சியாக இருக்கும் என்கிறீர்களா? இருக்கலாம். நீங்கள் ஆறாம் பாகத்திலிருந்து பார்க்கிறவர், உங்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

போஸ்டரைப் பார்த்த அன்றைக்கே இரண்டு டிக்கெட் வாங்கினேன். நம்பர் தேடிப் பிடித்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு ஞானதுரையைக் கூப்பிட்டேன். குரல் மாறவில்லை.

"ஆரன் வர்றாருடா. ஒம்பதாம் பாகத்துல. வா, சேர்ந்து பார்ப்போம். யாரு சொன்னது சரின்னு தெரிஞ்சுரும்."

அவன் சொன்னான்.

"நான் பார்க்க வேண்டியதை அப்பவே பார்த்துட்டேன் சவரி. ரெண்டையும். நீ போய்ப் பாரு."

அவ்வளவுதான். முதலில் மூன்றாம் பாகத்தையும் நாலாம் பாகத்தையும்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

விளக்கு அணைகிறது. சார், ஒரு உதவி செய்வீர்களா? பழைய பாகங்களிலிருந்து துண்டு துண்டாகக் காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள் என்று அந்தப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் பாகமும் வரும். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பெட்டி முதலில் வருகிறதா, கதவு முதலில் வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எது பின்னால் வருகிறதோ அதுதான் முடிவு.

நீங்கள் சொன்னால் நம்புவேன். உங்களைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

மூடிக்கொண்டேன்.

இது முதல் பாகம். இந்த அமைதி எனக்குத் தெரியும். இது இரண்டு. பேசாதீர்கள், இனிமேல்தான். ம். பனி விரிசல் விடுகிற சத்தம். ஆமாம், பெட்டி. பெட்டிதானே? கைதட்டுகிறார்கள். இதோடு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

இரும்புச் சத்தம் ஒன்று கேட்டது. கேட்டது எனக்கும். ஆனால் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, எத்தனையோ கதவு இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

சொல்லுங்கள் சார். எது கடைசியாக வந்தது?